வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் கூலண்ட்டைக் கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கேஜ், சென்சார் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. லாரி, ஜெனரேட்டர், போர்வெல் ரிக் என்று வந்துகொண்டிருந்த வேலைக்கு நடுவே, சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் வருகிறது. சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்கள், அவர்களுக்குக் கைகொடுக்கும் ஏரோநாட்டிகல் மாணவர்கள். திரும்பத் திரும்ப அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் எஞ்சினின் கையேடு ஒன்றைச் சொல்லி நான் வேறொன்றைச் சொன்னால், கையேட்டைத்தான் கேட்க வேண்டும்.

மேலே போனால் காற்று குளிர்ச்சிதானே? விமானத்துக்கு எதற்குத் தண்ணீர்?

காற்றால் மட்டும் குளிரும் விமான எஞ்சின்கள் நிறைய உண்டு. மற்றவற்றில் கூலண்ட், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுத்துப் போகும் திரவம், வேண்டும். ஆனால் இன்று சிறு விமானங்களில் அதிகம் காணப்படும் ரோட்டாக்ஸ் 912 வகை எஞ்சினில் சிலிண்டர் உடல் காற்றிலும், சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) கூலண்ட்டிலும் குளிர்கிறது. கார் எஞ்சினை மாற்றிப் போடுகிறவர்களுக்கு எல்லாமே கூலண்ட்தான். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சினே தண்ணீரில் குளிர்ந்ததுதான்.

மேலே காற்று குளிர்ந்திருந்தாலும் அடர்த்தி குறைவு. அதோடு, எஞ்சின் அதிகமாகச் சூடாவது உயரத்தில் அல்ல, ஏறும்போதுதான். முழு சக்தி, குறைந்த வேகம், ரேடியேட்டருக்குக் குறைந்த காற்று. கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் 40 டிகிரி தாண்டுகிற சித்திரை மதியத்தில் அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

டெம்பரேச்சர் கேஜ் ஒன்று இருக்கிறதே, போதாதா?

போதாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்த நினைப்பது இது ஒன்றைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டெம்பரேச்சர் சென்சார் தன்னைச் சுற்றி இருப்பதன் சூட்டைத்தான் சொல்லும். சுற்றிலும் கூலண்ட் இருக்கும்வரை அது சொல்வது கூலண்ட்டின் சூடு. ஹோஸ் பிய்த்துக்கொண்டு கூலண்ட் வெளியே போய்விட்டால், சென்சாரைச் சுற்றி இருப்பது ஆவியும் காற்றும். சூட்டை உலோகத்துக்குக் கடத்துவதில் தண்ணீருக்கு முன்னால் காற்று ஒன்றுமே இல்லை. அதனால் முள் ஏற வேண்டிய நேரத்தில் அப்படியே நிற்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும், வெளியே கேஜ் எல்லாம் நலம் என்று காட்டும்.

இது எனக்கே நடந்தது. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், சட்டத்தில் கட்டி வைத்த எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேஜ் நான் பொருத்தியது. 95இல் நின்ற முள் மெதுவாக 80க்கு வந்தது. "காத்து நல்லா வருதுங்கண்ணா, எறங்குது பாருங்க" என்றான் கூட இருந்த பையன். நானும் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். அரை நிமிடத்தில் ஒரு கசகசப்புச் சத்தம், அப்புறம் எஞ்சின் நின்றது. கீழே குனிந்து பார்த்தால் மண்ணெல்லாம் பச்சைத் தண்ணீர். பம்புக்குப் போகிற ஹோஸின் கிளாம்ப் நழுவியிருந்தது. ஹெட் வளைந்துவிட்டது. தரையில் இருந்ததால் போனது பணத்தோடு போயிற்று. அன்றிலிருந்து டெம்பரேச்சர் கேஜ் மட்டும் கேட்டு வருகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

இதில் கேள்வி இரண்டு. கூலண்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது? கூலண்ட் இருக்கிறதா? முதலாவதற்கு டெம்பரேச்சர் கேஜ் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வேறு ஒன்று வேண்டும். காரில் நான்கு, ஐந்து லிட்டர் இருக்கும், கொஞ்சம் ஒழுகினாலும் தாங்கும். சிறு விமானத்தில் மொத்தமே இரண்டு மூன்று லிட்டர். ஒரு சொம்பு போனாலே நிலைமை மாறிவிடும்.

அந்த "வேறு ஒன்று" என்ன?

கூலண்ட் பிரஷர் கேஜ். மூடிய அமைப்பில் கூலண்ட் சூடானால் விரியும், விரிந்தால் அழுத்தம் ஏறும். எங்காவது ஓட்டை இருந்தால் அழுத்தம் ஏறாது, அல்லது ஏறியது சட்டென்று விழும். டெம்பரேச்சர் எதையும் காட்டுவதற்கு முன்பே பிரஷர் காட்டிக் கொடுத்துவிடும்.

0 முதல் 2 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அளக்கும், அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை கொடுக்கும் மூன்று கம்பி சென்சார் போதும். துருப்பிடிக்காத எஃகு உடலாகவும், 125 டிகிரி சூடு தாங்குவதாகவும் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலண்ட் விரிய இடம் கொடுக்கும் சிறு தொட்டி) பக்கமாக T வடிவக் குழாய் இணைப்பு ஒன்று போட்டுப் பொருத்தலாம். எஞ்சினில் நேரடியாக முறுக்காமல் சிறு ஹோஸ் வைத்து ஃபயர்வாலில் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) கட்டினால் அதிர்வு தாக்காது.

எண்ணைவிட முக்கியம், உங்கள் எஞ்சினின் வழக்கம் என்ன என்று தெரிந்து வைத்திருப்பது. டேங்கில் எவ்வளவு காற்றிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு எஞ்சினுக்கும் அழுத்தம் மாறும். முதல் பத்து ஓட்டத்தில் 60, 70, 80, 90, 100 டிகிரியில் பிரஷர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பதினோராவது நாள் 90 டிகிரியில் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் மூடியோ கிளாம்போ கெட்டுப் போயிருக்கிறது. எஞ்சின் சூடாவதற்கு முன்பே பிரஷர் விறுவிறு என்று ஏறினால் அது வேறு நோய்: ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக எரிந்த வாயு கூலண்ட்டுக்குள் நுழைகிறது. டேங்கில் குமிழ் வருகிறதா பாருங்கள். இந்த இரண்டையும் டெம்பரேச்சர் கேஜ் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது.

லெவல் சென்சார் வைத்தால் ஆகாதா?

வைக்கலாம், நல்லதுதான். எக்ஸ்பான்ஷன் டேங்கில் மட்டம் ஒரு விரல் இறங்கியதுமே சொல்லிவிடும். காற்றில் ஆட்டம் இருக்கும்போது கூலண்ட் அலையடித்து விளக்கு மினுக்கும், அதனால் ஐந்து பத்து வினாடி தாமதம் வைத்து இணையுங்கள். அடிக்கடி பொய்யாக எரிகிற விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ரேடியேட்டர் மூடியில் 1.2 பார் என்று போட்டிருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஊட்டியில் சோறு வேக ஏன் நேரமாகிறது என்று யோசித்திருப்பீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் மூடியைப் போட்டால் அழுத்தம் கூடி, கொதிநிலையும் கூடுகிறது. ரேடியேட்டர் மூடி செய்வதும் அதே வேலைதான். கூலண்ட்டைக் கொதிக்க விடாமல் பிடித்து வைக்கிறது.

பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் கலந்த கூலண்ட் கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1.2 பார் மூடி போட்டால் சுமார் 130 வரை தாங்கும். அந்த 1.2 பார் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கணக்கு. உயரப் போகப் போக வெளிக்காற்று குறைவதால் 10,000 அடியில் கொதிநிலை நாலைந்து டிகிரி இறங்கிவிடும்.

இப்போது மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 10,000 அடியில் கூலண்ட் சுமார் 97 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். உங்கள் கேஜில் 97 என்பது பச்சைக் கோட்டுக்குள் இருக்கும்! கேஸ்கெட் போன குக்கரில் விசில் வராதது போல, இங்கேயும் ஒன்றும் தெரியாது, பிரஷர் கேஜ் இருந்தால் ஒழிய.

மூடியில் இரண்டு வால்வு. ஒன்று அழுத்தம் மிஞ்சினால் ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்குத் தள்ளும், மற்றது ஆறும்போது அங்கிருந்து திரும்ப இழுக்கும். இரண்டாவது அடைத்துக்கொண்டால் ஹோஸ் ஒட்டிப் போய் நிற்கும். காலையில் முதல் முறை எஞ்சினைத் தொடும்போது பாட்டிலின் மட்டத்தையும் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள்.

ரோட்டாக்ஸ் 912இல் ஒருவர் 135 என்கிறார், இன்னொருவர் 120 என்கிறார். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் வேறு வேறு அளவுகள். பழைய ஹெட்டில் சென்சார் உலோகத்துக்குள் இருக்கும், அது ஹெட்டின் சூட்டைச் சொல்லும். அதற்கு 100 குதிரைத்திறன் 912 யூஎல்எஸ்ஸில் எல்லை 135 டிகிரி, 80 குதிரைத்திறன் யூஎல்லில் 150. புதிய ஹெட்டில் சென்சார் கூலண்ட்டுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு எல்லை 120.

பழைய எஞ்சினுக்குப் புதிய ஹெட் மாற்றியவர்கள் கேஜின் சிவப்புக் கோட்டை 135இலேயே விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து. ஹெட்டின் பாக எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட்டு, எது உங்களுடையது என்று உறுதி செய்த பிறகே கோடு போடுங்கள். புதிய ஹெட் இருந்தால், மேலே சொன்ன காய்ந்துபோன சென்சார் பிரச்சினை உங்களுக்கு நேராகவே பொருந்தும். பழைய ஹெட்டில் உலோகத்தை அளப்பதால் கூலண்ட் போனாலும் முள் ஏறும். அந்த ஒரு விஷயத்தில் பழையது எனக்குப் பிடிக்கும்.

ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் கணக்கே வேறு. அங்கே 65 முதல் 80 டிகிரிக்குள் ஓட வேண்டும். சூடேறாமல் முழு திராட்டில் கொடுத்தாலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கார் எஞ்சின் போடுகிறோம். சென்சாரை எங்கே வைப்பது?

ஹெட்டிலிருந்து கூலண்ட் வெளியே வருகிற இடத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு (சூடேறிய பிறகு கூலண்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு) முன்னால். அங்கேதான் அதிகச் சூடு. ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் வைத்தால் ஆறிய தண்ணீரை அளந்துகொண்டிருப்பீர்கள்.

முடிந்தால் இரண்டு வையுங்கள், ரேடியேட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியே வரும் இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லும். உதாரணத்துக்கு எஞ்சின் 20 கிலோவாட் வெப்பத்தைக் கூலண்ட்டில் தள்ளுகிறது, கூலண்ட் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடுகிறது என்றால், வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான். ஓட்டம் பாதியானால் அது இரட்டிப்பாகும். ஆக, சூடு ஏறி வித்தியாசமும் கூடியிருந்தால் பம்பையோ அடைப்பையோ சந்தேகியுங்கள். சூடு ஏறி, வித்தியாசம் அப்படியே இருந்தால் காற்று போதவில்லை. பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்ற வாதத்தை இந்த ஒரு எண் தீர்த்துவிடும்.

நிரப்பும்போது காற்றுப் பொதி விடாதீர்கள். அமைப்பின் மிக உயர்ந்த இடத்தில் காற்று வெளியேறும் திருகு இருக்க வேண்டும். விமானம் நிற்கும் சாய்வில் உயர்ந்த இடம் எது என்று பாருங்கள், எஞ்சின் மேசையில் இருந்தபோது உயர்ந்த இடம் எது என்று அல்ல.

கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். சென்சாரைக் கழற்றி, கம்பி நீட்டி, ஐஸ் தண்ணீரில் விடுங்கள், 0 வர வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், அதனால் இங்கே 98.6 வந்தால் சரி. 100 வரவில்லையே என்று திருகித் திருகிச் சரி செய்து, சரியாக இருந்த கேஜைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நமக்கு முக்கியமான இடம் 120. அதற்குச் சமையல் எண்ணெயைச் சூடாக்கி, நல்ல கண்ணாடி வெப்பமானி பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். சென்சாரில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது, தாளிக்கும் சட்டியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. ஒற்றைக் கம்பி சென்சார் என்றால் அதன் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு கம்பி கொடுக்க மறக்காதீர்கள்.

லேண்டிங் லைட்டைப் போட்டால் முள் பத்து டிகிரி ஏறுகிறது. லைட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன?

ஒன்றுமில்லை, எர்த் கோளாறு. ஒற்றைக் கம்பி சென்சார் எஞ்சின் உடலையே திரும்பு பாதையாகப் பயன்படுத்துகிறது. எஞ்சினுக்கும் கேஜுக்கும் நடுவே எர்த் சரியில்லை என்றால், வேறு எது மின்சாரம் இழுத்தாலும் முள் நகரும். எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் தடித்த எர்த் பட்டை போடுங்கள், கேஜின் எர்த்தையும் அதே புள்ளியில் கட்டுங்கள். சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், சில சமயம் அதுதான் மின்சாரத்தைத் தடுக்கிறது. இந்த வகைச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். ஆகவே மோசமான எர்த் தடையைக் கூட்டி, உண்மையைவிடக் குறைந்த சூட்டையும் காட்டலாம்.

நாங்களே ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சிப் வைத்து மானிட்டர் செய்கிறோம். பரவாயில்லையா?

செய்யுங்கள். ஒவ்வொரு வினாடியும் எண்களைக் கார்டில் எழுதி வைப்பதில் அதற்கு ஈடு இல்லை. ஓட்டம் முடிந்து வந்து கோடு வரைந்து பார்த்தால் கேஜில் கண்ணுக்குத் தெரியாமல் போனதெல்லாம் தெரியும். ஆனால் விமானி நம்புகிற ஒரே கருவியாக அது இருக்க வேண்டாம்.

மாணவர்கள் கொண்டு வரும் பெட்டிகளில் அதிகம் நான் பார்ப்பது டிஎஸ்18பி20 சென்சார். மலிவு, கம்பி குறைவு, எண்ணாகவே கொடுக்கும். ஆனால் அதன் உச்சமே 125 டிகிரி. உங்கள் சிவப்புக் கோடு 120இல் இருக்கும்போது, எல்லை தாண்டியபின் என்ன நடக்கிறது என்று அளக்க அதில் இடமே இல்லை. இன்னொரு விஷயம் இதைவிட மோசம். மின்சாரம் வந்தவுடன், அளவு எடுப்பதற்கு முன் அது காட்டும் எண் 85. மின்சாரம் விட்டு விட்டு வந்தால் திரும்பத் திரும்ப 85 வரும். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் கண்டுபிடித்திருப்போம், ஆனால் 85 என்பது கூலண்ட்டுக்கு அழகான, இயல்பான சூடு! அதனால் கூலண்ட்டுக்கு அதை வேண்டாம் என்கிறேன். கே வகைத் தெர்மோகப்பிள் அல்லது வாகனங்களில் வரும் தெர்மிஸ்டர் போதும். தெர்மிஸ்டர் என்றால் ஈஎஸ்பி32இன் உள் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) நேர்கோடாக இருக்காது, வெளியே தனி ஏடிசி சிப் வையுங்கள்.

கம்பி அறுந்தால் நிரலில் என்ன காட்டுகிறது என்று அறுத்தே பாருங்கள். அறுந்த கம்பி "குளிர்ச்சி" என்று காட்டினால் நிரலைத் திருத்த வேண்டும். பக்கத்தில் இக்னிஷன் கம்பி ஓடினால் எண்கள் குதிக்கும், தள்ளிக் கட்டுங்கள்.

அலாரம் எந்த எண்ணில் வைப்பது?

120 எல்லை என்றால் 110இல் மஞ்சள், 120இல் சிவப்பு. அதோடு, ஓடிக்கொண்டிருக்கும்போது சூடு காரணமில்லாமல் வேகமாக *இறங்கினாலும்* அலாரம் வைக்கச் சொல்வேன். ஏன் என்று பல்லடம் கதையிலேயே சொல்லிவிட்டேன். திராட்டிலைக் குறைத்து இறங்கும்போது சூடு இறங்குவது இயல்பு. சக்தி மாறாமல் இறங்குவதுதான் சந்தேகத்துக்குரியது. பிரஷர் வீழ்ச்சிக்குத் தனி விளக்கு, பார்வை போகிற இடத்தில்.

சிறுவாணித் தண்ணீர் ஊற்றலாமா? நல்ல தண்ணீர்தானே?

குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை, இந்த ஊர்க்காரன் நான் வேறு என்ன சொல்வேன். ஆனால் குழாயில் வரும் எந்தத் தண்ணீரிலும் குளோரினும் கரைந்த உப்பும் இருக்கும், அலுமினிய ஹெட்டை அது அரிக்கும். ஆயிரம் அடி போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெந்நீர் பாய்லரில் வெள்ளையாகப் படிகிறதே, அது அப்படியே ரேடியேட்டர் குழாயிலும் படியும். டிஸ்டில்ட் வாட்டரோ, அதைச் சேர்த்தே விற்கிற தயார் கலவையோதான் ஊற்ற வேண்டும். "இங்கே பனியா உறையுது, கிளைக்கால் எதுக்கு" என்று வெறும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், கிளைக்கால் கொதிநிலையை ஏற்றுவதையும் அதில் உள்ள மருந்து அரிப்பைத் தடுப்பதையும் மறந்துவிடுகிறார்கள். வேறு வேறு நிறக் கூலண்ட்டைக் கலக்காதீர்கள்.

தண்ணீரே இல்லாத கூலண்ட் போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காதாமே?

சில தொல்லை போகும், சில வரும். எவான்ஸ் போன்ற நீரில்லா கூலண்ட் சுமார் 190 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது, அதனால் எஞ்சின் கொஞ்சம் கூடுதல் சூட்டிலேயே ஓடும். அழுத்தமும் பெரிதாக ஏறாது. ஆகவே நான் மேலே புகழ்ந்த பிரஷர் கேஜ் அங்கே அவ்வளவாக உதவாது. லெவல் சென்சாரும் ஹெட் உலோகத்தின் சூடும்தான் கை கொடுக்கும். நீங்கள் எதை ஊற்றுகிறீர்கள் என்பதே எதை அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

தரையில் ஓட்டும்போதே சூடேறுகிறது. ரேடியேட்டர் சின்னதா?

முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற மேல்காற்று நமக்குத் தெரியாததல்ல. அதற்கு முதுகு காட்டி எஞ்சினை ஓட்டினால் புரொப்பெல்லர் தள்ளும் காற்றில் பாதியை அது தின்றுவிடும். மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து மறுபடி பாருங்கள். தரையில் விமானத்தை ஓட்டிப் போகும்போதும் (டாக்ஸி) காத்திருக்க வேண்டியிருந்தால் காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள்.

ரோட்டாக்ஸ் 912ஐச் சூடேற்றுவது நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடம், அப்புறம் 2,500இல் எண்ணெய் 50 டிகிரி வரும் வரை. கூலண்ட் அதற்கு முன்பே சூடாகியிருக்கும், எண்ணெய்க்காகக் காத்திருங்கள். நிறுத்தும்போதும் அவசரம் வேண்டாம். பம்பு நின்றதும் ஹெட்டில் இருக்கும் சூடு கூலண்ட்டில் இறங்கி, எஞ்சின் நின்ற பிறகு முள் ஏறும்.

அதற்கும் மேலே பிரச்சினை என்றால், பெரும்பாலும் ரேடியேட்டரின் அளவு காரணமாக இருக்காது, காற்றுப் பாதைதான் காரணம். காற்று சுலபமான வழியில்தான் போகும். ரேடியேட்டரைச் சுற்றி ஒரு விரல் சந்து இருந்தால் அதன் வழியே ஓடிவிடும். சந்துகளையெல்லாம் அடையுங்கள். நுழைவாய் சின்னதாகத் தொடங்கி மெல்ல விரிந்து ரேடியேட்டரைத் தொட வேண்டும், வெளிவாய் தடையில்லாமல் இருக்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் வாங்கிய பிறகும் சூடு குறையாமல், அலுமினியத் தகடும் பசையும் வைத்துச் சந்துகளை அடைத்ததில் குறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பறந்துகொண்டிருக்கும்போது சூடு ஏறினால்?

ஏறிக்கொண்டிருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுங்கள், சக்தியைக் குறையுங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் பக்கத்தில் இறங்க இடம் தேடுங்கள். எண்ணெய் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். கூலண்ட் முள் இறங்கி எண்ணெய் முள் ஏறினால், கூலண்ட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷரும் 0 என்றால் இனிச் சந்தேகமே இல்லை. எஞ்சின் இன்னும் ஓடுகிற அந்தச் சில நிமிடங்களை இறங்கும் இடத்தைத் தேர்வு செய்வதற்குச் செலவிடுங்கள், கேஜைத் தட்டிப் பார்ப்பதற்கு அல்ல.

இங்கே பறக்க அனுமதி கிடைக்குமா?

தரையில் எஞ்சின் ஓட்டுவது வேறு, பறப்பது வேறு. பறக்க டிஜிசிஏ (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவும் அனுமதியும் கட்டாயம். அதோடு நம் தலைக்கு மேலே கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பயன்படுத்தும் வான்வெளி, யாருடைய தோட்டமாக இருந்தாலும். வழியே இல்லை என்று அர்த்தமில்லை. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ் 2017இல் அதற்குப் பதிவு வாங்கினார். ஆண்டுக்கணக்கில் அலைந்து வாங்கியது. நீங்கள் எழுதி வைக்கும் ஒவ்வொரு ஓட்டத்தின் பதிவும் அன்றைக்கு உதவும்.

ஹோஸ், கிளாம்ப் எல்லாம் எப்போது மாற்றுவது?

ரோட்டாக்ஸில் ரப்பர் ஹோஸ்கள் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பார்க்க நன்றாக இருந்தாலும். கிளாம்ப்பை லாரி ஹோஸுக்கு முறுக்குவது போல முறுக்க வேண்டாம், சிலிக்கான் ஹோஸை அது அறுத்துவிடும். ஸ்பிரிங் கிளாம்ப் சூட்டில் விரிந்து சுருங்குவதோடு சேர்ந்து போகும், எனக்கு அதில்தான் நம்பிக்கை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் சொட்டு வந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். சொட்டு நின்றுவிட்டதாம். அது எஞ்சின் உங்களிடம் பேசுவதற்கென்று விட்ட வழி, அடைக்கவே அடைக்காதீர்கள்.

வடித்த பழைய கூலண்ட்டை என்ன செய்வது?

வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் ஆடும் மாடும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். நாங்கள் அன்று பல்லடத்தில் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பாகவே அந்தத் தோட்டத்து அம்மா ஓடி வந்து, பட்டியிலிருந்த ஆடுகளைத் தள்ளி ஓட்டினார். பச்சைத் தண்ணீர் ஊறிய மண்ணை வெட்டிச் சாக்கில் அள்ளிக் கட்டிய பிறகுதான் ஹெட்டைக் கழற்றினோம். பழையதை மூடி போட்ட கேனில் பிடித்து, மேலே பெரிதாக "விஷம்" என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய கூலண்ட்டை எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டர் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.